என் மடியிலிருந்த அவள் போன்

நான் ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தேன்.

வாயைத் திறந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலை நீட்டி இதோ என்று காட்டவில்லை. நடந்து போனேன். அந்த வீட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான்… பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு குழந்தையும், அதைப் பெற்றவளும், அவளைக் கட்டியவனும் ஒளிந்திருந்த இடம், யாருக்குத் தெரியவே கூடாதோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல எனக்கு ஆள் இல்லை என்பது ஒன்று. ஆள் இருந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பது இன்னொன்று! உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவேன். அதனால் எழுத்து மறக்கவில்லை. நினைப்பதைக் கோர்வையாகச் சொல்லத்தான் வராது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எங்கள் மல்லாட்டைக் கொட்டாய் இருக்கிறது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். எந்திரம் உடைத்துத் தள்ளுகிற பருப்பை முறத்தில் அள்ளி, சொத்தை, சூம்பல், உடைசல் என்று தனித்தனியாகப் பொறுக்கிப் போடுவது வேலை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். காலை முதல் மாலை வரை எந்திரச் சத்தம். பேசுவதென்றால் காதோடு காது வைத்துத்தான் பேச வேண்டும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. கட்டியவர் போய்ப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறை. கொட்டாயை விட்டால் அறை, அறையை விட்டால் கொட்டாய்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காஸை மூடினேனா, பூட்டு சரியாக விழுந்ததா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். "பச்சையக்கா இழுத்து இழுத்துப் பாத்து அந்தப் பூட்டுக்கே தோள்பட்ட வலி வந்திருக்கும்" என்று கொட்டாயில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, பூட்டினேனா என்று யோசிப்பேன்…

எனக்குப் பக்கத்து முறம் அமுதாவுடையது.

முப்பது வயதுக்காரி. தளவானூர்ப் பக்கமிருந்து தினமும் பஸ்சில் வருவாள். அவள் புருஷன் ஏழுமலைக்குப் பெங்களூரில் டைல்ஸ் போடுகிற வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். அமுதாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, அந்தப் போன் எங்கே இருக்கிறதோ அந்த இடம் ஒரு புள்ளியாகத் தன் போனில் தெரிகிற மாதிரி செய்து வைத்திருந்தான். அவள் பஸ் ஏறினால் அங்கே புள்ளி நகரும். அவள் பஜாரில் வளையல் பார்த்தால் அங்கே புள்ளி நிற்கும். "பன்னண்டு நிமிசம் அங்க இன்னா பண்ணன்னு கேக்கறாருக்கா" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள்.

ஆசையாகத்தான் செய்து வைத்தான் என்றாள் முதலில். அவள் தங்கச்சி வீட்டை விட்டுப் போன மறுமாதம் செய்து வைத்தான் என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

தங்கச்சி பெயர் சங்கீதா. அப்போதைக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தாய்மாமனும் பங்காளிகளும் தேடிக்கொண்டே இருந்தார்கள், ஏழுமலையும் அவர்களோடு சேர்த்தி. கையில் கிடைத்தால் என்ன செய்வோம் என்று அந்தத் தாய்மாமன் சொன்னதை அமுதா ஒரு தடவை என் காதில் சொல்லியிருக்கிறாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். எங்கள் பக்கத்தில் அது வெறும் பேச்சாகப் போகிற பேச்சில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"நான் அவள தல முழுவிட்டேன்க்கா" என்று கொட்டாயில் எல்லார் எதிரிலும் அமுதா சொல்வாள். நானும் நம்பினேன்.

ஐப்பசியில் ஒரு நாள், பதினொரு மணி இருக்கும். அமுதா என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, இத்த செத்த உங்கிட்ட வச்சிக்க. ஒரு எடம் போயிட்டு வந்துடறேன்."

போனை என் மடியில் வைத்தாள்.

"எங்கடி?"

"கேக்காதக்கா. அவரு போன் பண்ணா எடுக்காத, மிசின் சத்தத்துல கேக்கலன்னு அப்பறமா நான் சொல்லிக்கறேன். மெசேஜ் வந்தா மட்டும் எதுனா ஒன்னு போட்டு உடு."

போன் பூட்டைத் திறக்கக் கோடு எப்படிப் போட வேண்டும் என்று என் உள்ளங்கையில் விரலால் போட்டுக் காட்டினாள். மேலே இருந்து கீழே, கீழே இருந்து பக்கத்தில். என் உள்ளங்கையை இன்னொருவர் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று… கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, மூடவும் தோன்றவில்லை.

அப்புறம் வாரத்தில் மூன்று நாள் இது வழக்கமாகிவிட்டது. பதினொரு மணிக்குப் போவாள், பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள். பொறுக்கிய அளவுக்குத்தான் எங்களுக்குக் கணக்கு, அதனால் மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். புள்ளி கொட்டாயிலேயே நிற்கும். ஏழுமலை தன் பெண்டாட்டி மல்லாட்டை பொறுக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய் சொன்ன மாதிரி.

அந்தப் போன் என் மடியில் இருக்கிற நேரம் எனக்குப் பிடித்திருந்தது! லேசான சூடு. நடுநடுவே ஒரு துடிப்பு. என்னிடமும் ஒரு போன் இருக்கிறது, ரீசார்ஜ் தீரப்போகிறது என்பதைத் தவிர அதில் எனக்கு எந்தச் செய்தியும் வராது. இவள் போனில் பதினொன்றேகாலுக்குத் தவறாமல் வரும்: "சாப்டியா?"

அமுதாவைத்தான் கேட்கிறான். எனக்குத் தெரியாதா! ஆனால் படிக்கிறவள் நான்தானே.

முதலில் 'ம்' என்று மட்டும் போட்டேன். பத்து நாள் கழித்து "சாப்டேன்" என்று போட்டேன். ஒரு நாள் "நீங்க?" என்று சேர்த்துப் போட்டேன். அவன் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினான். முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நாற்பத்தேழு வயதில்!

அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் என்னைவிட எவ்வளவோ சின்னவன். அந்த இதயம் என் மடியில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர்களாக இருந்தால் உங்களுக்குத் தெரியலாம்.

இந்தச் சுகத்துக்குப் பக்கத்திலேயே என் பயமும் வளர்ந்தது. இவள் எங்கே போகிறாள்? மாட்டிக்கொண்டால் என் பெயரும் வருமே! போனை வைத்திருந்தவள் யார் என்று கேட்பார்களே… திரும்பி வரும்போது அவள் புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்திருக்கும். சோப்பு வாசம் வரும். சில நாள் சாம்பிராணி வாசமும் சேர்ந்து வரும். எங்கேயோ குளிக்கிற இடத்திலிருந்து வருகிறாள்! என் புத்தி எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் வரைக்கும் போயிற்று.

அவளுக்கு ஒரு தங்கச்சி இருப்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்பே வரவில்லை. ஆம்பளை நினைப்புத்தான் வந்தது. நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இது ஒன்று போதாதா?

"எவன்டி அவன்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "நீ ஒரு ஆளுக்கா. இன்னா இன்னா நெனச்சிக்கினு இருக்க."

"அப்ப சொல்லு."

"வேணாம்க்கா. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சே ஊருக்குச் சொல்லிடும். தெரியாம இருந்தாதான் உனக்கு நல்லது."

என் நல்லதுக்காகத்தான் சொன்னாள். இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? உன்னை நம்ப மாட்டேன் என்று கேட்டது. உன் மடி வேண்டும், நீ வேண்டாம் என்று கேட்டது!

அந்த வியாழக்கிழமை தூறல். ராஜகிரிக் கோட்டை மலை மேகத்துக்குள் போயிருந்தது. அமுதா போய் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. எந்திரம் நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கொட்டாயில் அமைதி. ஒரு மணிக்குத்தான் கரண்ட் வரும் என்றார் மேஸ்திரி. பெண்கள் டீ குடிக்க எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் அமுதா போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.

என் கால் அவள் பின்னால் போயிற்று.

கால்மேல் பழியைப் போடுகிறேன் பாருங்கள்! நான்தான் போனேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, அவள் லாட்ஜ் பக்கம் திரும்பாததைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, எங்கள் ஊரின் இன்னொரு கோட்டை மலையான கிருஷ்ணகிரி அடிவாரத்துப் பக்கம் போகிற தெருக்களில் பதுங்கிப் பதுங்கி… கால் மணி நேரம் நடந்திருப்பேன். ஒரே சுவரில் நாலைந்து வாசல் வைத்த லைன் வீடு ஒன்று. கடைசி வாசலில் நுழைந்தாள். பக்கத்தில் ஒரு சந்து, சந்தின் முடிவில் குழாயடி. எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றால் குழாயடி நன்றாகத் தெரிந்தது.

நின்றேன்.

அமுதா ஒரு பலகையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். அமுதாவின் அதே நெற்றி, அதே மூக்கு. கையில் துணியில்லாத ஒரு சின்னக் குழந்தை. அதை வாங்கிக் காலின்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, முதுகை நீவி, புரட்டிப் போட்டு, மூக்குத்தண்டை இரண்டு விரலால் பிடித்துவிட்டு, அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். குழந்தை வீறிட்டது. தங்கச்சிக்காரி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்! தாய்வீட்டில் ஒருத்தி செய்ய வேண்டிய வேலை. தாய்வீடே இல்லாமல் பெற்றவளுக்கு யார் செய்வார்கள்? அதற்காகத்தான் அமுதா வாரத்தில் மூன்று நாள் போனை என் மடியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இருபது நிமிடம் இருக்கலாம். போயிருக்க வேண்டும். போக மனம் வரவில்லை. ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் விழுவதை அவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

அப்போது என் மடி துடித்தது.

எடுத்துப் பார்த்தேன். ஏழுமலை. "எங்க இருக்க?"

கை பழக்கத்தில் அடித்தது: "கொட்டாயிலதான்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது… புள்ளி! புள்ளி என்னோடு வந்திருக்கிறது. கொட்டாயிலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தெருத் தெருவாக வந்து, இந்த வேப்பமரத்தடியில் என்னோடு நிற்கிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்குமேல் இந்தப் பொய் வேறு! பஜாருக்கு வந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட ஏதோ ஒரு தெரு என்று விட்டிருப்பான். கொட்டாயில் இருப்பதாகப் பொய் சொன்ன பிறகு, மறைக்க வேண்டிய இடம் இது என்று நானே அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

மடியில் போன் இருப்பதை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை வீட்டுப் பூட்டை நினைக்கிறவள், இடுப்பில் அழுத்திக்கொண்டிருக்கிற ஒன்றை மறப்பாளா? கொட்டாயில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே. நான் மறந்தேனா… இல்லை, அவளுக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று ஒரு நிமிடம் இருந்தேனா? அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். உள்ளே யார் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆனால் இதுவரைக்கும் நடந்ததை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதற்கு மேல் நடந்தது வேறு.

ஓட்டமும் நடையுமாகக் கொட்டாய்க்கு வந்தேன். அவன் கேட்டதையும் நான் போட்டதையும் அவள் போனிலிருந்து அழித்தேன். அவன் வேறு ஒன்றும் அனுப்பவில்லை. எப்போதும் எதையாவது திருப்பி அனுப்புகிறவன், அன்றைக்கு அனுப்பவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அமுதா வந்தாள், புடவை நனைந்து. போனைக் கொடுத்தேன்.

"எதுனா வந்துச்சாக்கா?"

"ஒன்னும் வரல."

சொல்லியிருக்கலாம்! ஒரே ஒரு வாக்கியம்தான். உன் பின்னால் வந்துவிட்டேன், போன் என்னிடம் இருந்தது, அவன் பார்த்துவிட்டிருப்பான். இதைச் சொல்லியிருந்தால் அன்று சாயந்திரமே அவர்கள் பத்திரமாக வேறு இடம் போயிருப்பார்கள். வியாழன் பகல் போயிற்று. வெள்ளி முழுவதும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள், அவளுடைய ஊறுகாயை என் டப்பாவில் வைத்தாள். சொல்லவில்லை. சொன்னால், ஒளிந்து ஒளிந்து அவள் பின்னால் போனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். சொன்னால் இனிமேல் போனை என் மடியில் வைக்க மாட்டாள்…

இவ்வளவுதான் காரணம். ஒரு குழந்தையின் உயிருக்கு எதிரே இவ்வளவுதான்.

நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் வேலையில் இருந்திருப்பான், சரியாகப் பார்த்திருக்க மாட்டான். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பயமாயிற்றே, இதுவும் பூட்டு மாதிரி வெறும் பயம்தான். வாழ்நாளெல்லாம் இல்லாத ஆபத்துக்கு நடுங்கினவள், நிஜமான ஆபத்து வந்த அன்று பார்த்துத் தைரியசாலி ஆனேன்!

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அமுதா மறுபடி போனை நீட்டினாள்.

"இன்னிக்குப் போவாதடி. மழ வர மாதிரி இருக்குது" என்றேன்.

"மழைக்கெல்லாம் பாத்தா ஆவுமாக்கா. எனக்காவ காத்துக்குனு இருக்கும்."

அவள் முழங்கையைப் பிடித்தேன். என்ன என்பது போலப் பார்த்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். அவள் போய்விட்டாள்.

அன்று பதினொன்றேகாலுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

ஏழுமலை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டானாம், பெண்டாட்டிக்குத் தெரியாமல். தாய்மாமன் வீட்டில் தங்கியிருக்கிறான். புள்ளி எந்தத் தெருவில் நின்றது என்று தெரியும், எந்த வாசல் என்று தெரியாது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே நாலு பேர் அந்தத் தெருவில் வண்டியைப் போட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அமுதா வந்து வாசலைக் காட்டிக் கொடுத்தாள், அவளுக்கே தெரியாமல்.

இரண்டு மணி இருக்கும். ஏழுமலை கொட்டாய்க்கு வந்தான். அவனை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஒல்லியான ஆள், நகக்கண்ணில் சிமெண்டு. பின்னால் அமுதா. முந்தானை தோளை விட்டு நழுவிக் கிடந்ததைக்கூட அவள் சரி செய்யவில்லை. நேரே என்னிடம் வந்தாள். என்னைத் தன் ஆளாக நினைத்துத்தான் வந்தாள்.

"கொழந்தைக்குத் தல தொவட்டக்கூட உடலக்கா" என்றாள்.

 குரல் உயரவே இல்லை.

ஏழுமலை கையை நீட்டினான். மடியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டிருந்தான். இன்றைக்கு அமுதா அந்த வீட்டில் இருக்கிறாள், புள்ளி மட்டும் கொட்டாயில் இருக்கிறது. அப்படியென்றால் போன் இன்னொருத்தியிடம் இருக்கிறது. அப்படியென்றால் வியாழக்கிழமை போனை எடுத்துக்கொண்டு போய் அந்த வாசல் எதிரே இருபது நிமிடம் நின்றதும் அந்த இன்னொருத்திதான். கொட்டாயில் இருக்கிறேன் என்று போட்டது, நான் அமுதாவை மாட்டி வைக்கச் செய்த தந்திரம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

"நீங்க அன்னிக்குப் போன எடுத்துக்குனு அங்க போய் நிக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. இந்த ஒதவிய மறக்க மாட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்ல தம்பி."

நன்றி சொன்னால் சொல்கிற சொல், வாயில் தானாக வந்துவிட்டது! பஸ்சில் இடம் விட்டதற்குச் சொல்கிற மாதிரி! இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை என்று அமுதாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். பரவாயில்லை என்றேன்.

அமுதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள், பஸ்சில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி. தன் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். அவன் போகும்போது என் நம்பரைக் கேட்டான். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அமுதா வேலைக்கு வரவில்லை. அவள் முறத்தில் இப்போது வேறொருத்தி பொறுக்குகிறாள்.

பத்து நாள் கழித்து அந்த லைன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு வீடு கேட்டு வந்ததாகச் சொன்னேன். இன்னொரு பொய். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை வளர்த்தேன். அன்றைக்கு அந்த ஆண்கள் உள்ளே பாய வந்தபோது இந்த அம்மாதான் கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றாராம். தெருவே கூடிவிட்டதாம். தடுக்க வெளியே ஓடி வந்த அமுதாவை மட்டும் இழுத்துக்கொண்டு, சாயந்திரம் ஆளோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்குள் வேலைக்குப் போயிருந்த அந்தப் பையன் வந்து, பின்பக்கமாக ஓர் ஆட்டோவில், ஈரத்துண்டில் சுற்றிய குழந்தையோடு இரண்டு பேரும் போய்விட்டார்களாம். அண்டாவைக்கூட எடுக்கவில்லையாம்.

"எங்க போனாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நீ யாரு? வீடு பாக்க வந்தவளுக்கு அதெல்லாம் எதுக்கு?"

என் மூஞ்சி சொல்லிவிட்டது போல. எழுந்து வந்துவிட்டேன்.

எங்கே போனார்கள்? விழுப்புரமா, திருவண்ணாமலையா, இன்னும் தூரமா… அந்த ஈரத்தில் குழந்தைக்குச் சளி பிடித்ததா? யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஒன்பது மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தால் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற வயது. 'இருந்தால்' என்று எழுதுகிறேன் பாருங்கள்!

இப்போது எனக்குப் போனைத் தொடவே பயம். எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாத மாதிரி செய்து கொடுக்கச் சொல்லி, பஜாரில் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கள யாருக்கா தேடப் போறாங்க?" கேலியாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணம் இல்லை. என் போனிலேயே நான் போன வந்த இடமெல்லாம் பதிவாகியிருப்பதை எடுத்துக் காட்டினார். நாள் நாளாகத் தள்ளிக்கொண்டே போனார். அறை, கொட்டாய். கொட்டாய், அறை. மாதக்கணக்கில் ஒரே கோடு. அந்த வியாழக்கிழமை வருவதற்குள் போதும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

நம்பர் வாங்கிக்கொண்டு போன மறுநாளிலிருந்து ஏழுமலை எனக்குத் தினமும் காலையில் ஒரு படம் அனுப்புகிறான். ரோஜாப்பூ, சாமி படம், சூரியன் உதிக்கிற மாதிரி படம். கீழே 'இனிய காலை வணக்கம்' என்று இருக்கும். ஏகப்பட்ட பேருக்கு அனுப்புகிற படம்தான். எனக்கு அனுப்புவது அவன் ஒருவன்தான்.

அவன் வைக்கிற ஸ்டேட்டஸையும் நான் பார்ப்பேன். ஒரே ஒரு தடவை அமுதா இருந்தாள். மேல்மலையனூர்க் கோயில் வாசலில் அவன் நிற்க, பக்கத்தில் பாதி உடம்பு மட்டும் தெரிகிற மாதிரி. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் கண்ணைத் தேடினேன். பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது. உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

போன வாரம் காலை வணக்கத்துக்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

"அக்கா, அந்தப் புள்ள பத்தி எதுனா தெரிஞ்சா சொல்லுங்க."

இன்னும் தேடுகிறார்கள். என்னையும் தேடுகிற ஆளாக வைத்திருக்கிறார்கள்.

தெரியாது என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம். அன்றைக்கு நான் காட்டவில்லை, என் புத்திக் கோணலில் நடந்தது என்று ஒன்பது மாதம் கழித்தாவது அவனுக்கு எழுதலாம். அவன் நம்பரே வராதபடி தடுத்துவிடலாம், அதையும் கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதில் எதையுமே நான் செய்யவில்லை. படித்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. நான் படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

அமுதாவைப் பார்க்க வழி வேண்டும், அதனால்தான் தடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். இன்று காலை எட்டு மணி வரைக்கும் அவனிடமிருந்து படம் வரவில்லை. வேலைக்குக் கிளம்பாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்… எட்டே காலுக்கு ஒரு மஞ்சள் ரோஜா வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.